பருப்பு வேகலைன்னா சாட்சி கொண்டா

ஏண்டா கண்ணு, எர்ணாகுளத்துல வக்கீலுக்குப் படிக்கிறயாமா? படி, நல்லாப் படி. நம்ம எருத்தேன்பதியில தென்னமரம் ஏறத்தான் ஆள் கெடைக்கல, வழக்காடவாவது ஒருத்தன் இருக்கட்டும். லீவுக்கு வந்தவன் திண்ணையில சாஞ்சுக்கிட்டு என்னமோ சொன்னியே? "அப்பாரு, நிலத்தடி நீர் மாசுங்கறது சட்டத்துல ரொம்பச் சிக்கலான சங்கதி. விசம் எங்கிருந்து கெளம்புச்சு, எந்த வழியா வந்துச்சுன்னு நிரூபிக்கணும்"னு. அப்ப நான் ஒண்ணும் பேசல. வாய் நெறைய வெத்தலை. இப்பத் துப்பிட்டு வந்திருக்கேன். உக்காரு.

நீ கெணறு வெட்டிப் பாத்திருக்கியா? எங்க பாத்திருப்பே! உன்ற காலத்துல லாரி வருது, ராத்திரி பூரா ஊரைத் தூங்க விடாமக் கத்துது, விடிஞ்சாப் போர் ரெடி. அடியில என்ன இருந்துச்சுன்னு லாரிக்காரனுக்கும் தெரியாது, காசு குடுத்தவனுக்கும் தெரியாது. நாங்க கடப்பாரையும் கூடையுமா எறங்குனோம். மேல செம்மண்ணு. அதுக்குக் கீழ வெள்ளை வெள்ளையா சுக்கான் கல்லு. அப்புறம் பாறை. வேட்டு வெச்சு ஒடைச்சா, பாறையில ஒரு கீறல் தெரியும். சுண்டுவிரல்கூட நுழையாது. அதுலிருந்துதான் தண்ணி கசியும், அதுதான் ஊத்துக்கண்ணு. அது வடமேக்கு மூலையில இருந்துச்சுன்னா, வடமேக்குத் தோட்டத்துக்காரன் மோட்டாரைப் போட்டதும் இங்க கசிவு ஒடுங்கும். அவன் எருக்குழிச் சாறு எறங்குனா இங்க தண்ணி நாறும். இதை எந்த விஞ்ஞானி வந்து எங்களுக்குச் சொன்னான்? அவன் ஊட்டுக்குப் போயி, "மாப்ள, எருக்குழியைக் கொஞ்சம் தள்ளி வெட்டு"ன்னோம். மொணமொணத்துக்கிட்டே தள்ளி வெட்டுனான். வழக்கு முடிஞ்சுது.

பெரிய பெரிய கோர்ட்டுல இதுக்கு என்ன சொன்னாங்கன்னு தெரியுமா? அமெரிக்காவுல ஒகையோன்னு ஒரு மாகாணம். பூமிக்கடியில தண்ணி எங்க பொறக்குது, எப்படி நகருது, எதுக்கு நகருதுங்கறதெல்லாம் மறைபொருளு, மாந்திரீகத்துல சேத்தி, இதுக்கெல்லாம் விதி போட முடியாதுங்கற அளவுக்கு 1861-ல அங்கத்த பெரிய கோர்ட்டு எழுதி வெச்சுது. நம்மூர்ல வேப்பங்குச்சியைப் புடிச்சுக்கிட்டு நீரோட்டம் பாக்கறவன்கூட இத்தனை பயமுறுத்த மாட்டான். வெள்ளைக்காரன் நமக்கு 1882-ல போட்டுக் குடுத்த வசதியுரிமைச் சட்டமும் அதே ஜாடைதான். உன்ற நெலத்துக்கடியில, இன்ன வாய்க்கால்னு இல்லாமக் கசியற தண்ணியை உன்ற எல்லைக்குள்ள நீ எடுத்துக்கலாம், என்ன வேணா பண்ணிக்கலாம். எல்லைக்கல்லு மேலதானே கண்ணு நட்டிருக்கு? கீழ போற தண்ணிக்கு யாரு போயிச் சர்வே நம்பரைக் காட்டறது?

சரி, அது பழைய காலம்னு சொல்லுவே. நேத்துக் கதைக்கே வாரேன். ஹவாய்த் தீவுகள்ல மாவின்னு ஒண்ணு. அங்க லஹைனாங்கற ஊர்ல சாக்கடைத் தண்ணியைச் சுத்தி பண்ற நிலையம் இருக்குது. சுத்தி பண்ணுன மிச்சம் நாளொண்ணுக்கு 40 லட்சம் கேலன், நம்ம கணக்குல ஒண்ணரைக் கோடி லிட்டர். அதை நேராக் கடல்ல விட்டா, 1972-ஆம் வருசத்துச் சுத்த நீர்ச் சட்டப்படி பர்மிட்டு வாங்கணும். என்ன பண்ணுனாங்க? கரையிலிருந்து அரை மைல் தள்ளிக் கெணறு போட்டு அதுக்குள்ள எறக்குனாங்க. "நாங்க கடல்ல விடலைங்க, கெணத்துலதானுங்க விடறோம்!" எவ்வளவு அடக்கமான பதில் பாரு. பவளப்பாறை பாழாகுதுன்னு ஊர்க்காரங்க சத்தம் போட்டாங்க. ஆராய்ச்சிக்காரங்க அந்தக் கெணத்துல சாயத்தை ஊத்திப் பாத்தாங்க. 84 நாள் கழிச்சு அந்தச் சாயம் கடலுக்கு அடியிலிருந்து கசிஞ்சு மேல வந்துச்சு.

நம்ம வேப்பமரத்தடிப் பஞ்சாயத்தா இருந்தா அன்னிக்கே எல்லாரும் டீ குடிச்சுட்டு எந்திரிச்சிருப்பாங்க. அங்க 2012-ல போட்ட வழக்கு, உச்ச நீதிமன்றம் வரைக்கும் ஏறி, 2020 ஏப்ரல்லதான் தீர்ப்பு. மாவி நிர்வாகத்து வக்கீல் வாதத்தைக் கேளு. குழாய்க்கும் கடலுக்கும் நடுவுல நிலத்தடித் தண்ணி இருக்குதாம். அதனால கடல்ல கொண்டு போயிச் சேக்கறது குழாய் இல்லையாம், நிலத்தடித் தண்ணியாம். அடுத்தவன் வெள்ளாமையில மாட்டை அவுத்து உட்டுட்டு, மேஞ்சது மாடு, நானா மேஞ்சேன்னு கேக்கறவனை நம்மூர்ல என்ன பண்ணுவாங்க? அங்க அவனுக்குக் கோட்டு மாட்டி உச்ச நீதிமன்றத்துல பேச விட்டாங்க.

நல்லவேளை, தீர்ப்பு எழுதுன பிரேயர்ங்கற நீதிபதிக்கு அடுப்படி தெரியும்போல. கறியிலிருந்து வடியற சாறைக் குழம்புல சேருன்னு சமையல் குறிப்புல இருந்தா, சாறு மொதல்ல சட்டியில தேங்கித்தானே வரும், அதுக்காகக் குறிப்பு புரியாமப் போயிருமாங்கற தோரணையில எழுதுனாரு. இன்னொண்ணும் கேட்டாரு. இவங்க சொல்றதை ஒத்துக்கிட்டா, கடல்ல குழாய் உட்டவனெல்லாம் அதை நாலு கெஜம் பின்னால தள்ளிட்டு, பர்மிட்டே வேண்டாம்னு போயிற மாட்டானா? 9 பேர்ல 6 பேர் அந்தப் பக்கம். நேராக் கொட்டுனதுக்குச் சமானமா இருந்தாப் பர்மிட்டு வேணும்னு முடிவு. சமானம்னா எவ்வளவு? அங்கதான் உன்ற வக்கீல் ஜாதிக்குச் சோறு. எத்தனை காலம் ஆச்சு, எத்தனை தூரம் போச்சு, எந்த மண்ணு வழியா, வழியில எவ்வளவு நீர்த்துச்சுன்னு 7 சங்கதி எழுதி, இது போக இன்னும் இருக்கலாம்னு ஒரு வாலையும் சேத்தாச்சு. 50 மைல் தள்ளி, பல வருசம் கழிச்சுக் கடலுக்கு வந்தா அநேகமா பர்மிட்டு வேண்டாமாம். அப்புறம் 2021-ல கீழ்க்கோர்ட்டு மறுபடி பாத்துட்டு, ஆமா, லஹைனாவுக்குப் பர்மிட்டு வேணும்னுச்சு. சாயம் 84 நாள்ல போன தூரத்தைச் சட்டம் 9 வருசத்துல நடந்துச்சு.

இதைக் கேட்டு நீ அமெரிக்காக்காரனைப் பாத்துச் சிரிக்கறே. சிரி, சிரி. நம்ம சட்டப் பொஸ்தகத்தை எடு. 1974-ஆம் வருசத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டம். ஓடைன்னா எதெல்லாம்னு அதுல ஒரு பட்டியல் இருக்குது. ஆறு, நீர்வழி, உள்நாட்டு நீர்நிலை, கடல், அதோட பூமிக்கடித் தண்ணியும். 24-ஆம் பிரிவைப் படிச்சுப் பாரு. விசத்தை ஓடையில, கெணத்துல, சாக்கடையில, ஏன், நெலத்து மேலகூட தெரிஞ்சே விடக்கூடாது. எழுதுனவன் டில்லியில உக்காந்துதான் எழுதியிருப்பான், ஆனா கெணத்துல எறங்குனவனா இருக்கணும். மாவி வக்கீல் இங்க வந்திருந்தா மொத வாய்தாவுலயே மூட்டையைக் கட்டியிருப்பான். அப்ப நாமதான் ஜெயிச்சிருக்கணும், இல்லையா?

அதுக்குத்தான் பிளாச்சிமடாவுக்கு வாரேன். நம்ம சித்தூர் தாலூக்காதான், பெருமாட்டிப் பஞ்சாயத்து. 2000-ல கொக்கோ கோலா கம்பெனி அங்க பாட்டில் அடைக்க வந்துச்சு. 34 ஏக்கர் சுமாரு. பஞ்சாயத்துக்கு வரி, பசங்களுக்கு வேலை, ரோட்டுல லாரி. கண்ணெல்லாம் பளபளன்னு ஆயிருச்சு. கள்ளு எறக்கற தென்னமரத்துக்கு நம்பர் போட்டு வரி வாங்கற ஊரு இது கண்ணு. ஒவ்வொரு மரத்தையும் எக்சைஸ்காரன் எண்ணி வெச்சிருப்பான். பூமிக்கடியிலிருந்து உறிஞ்சற தண்ணியை எண்ண யாருக்கும் தோணல.

ரெண்டு வருசத்துக்குள்ள காலனிப் பொம்பளைக கொடத்தைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வந்தாங்க. என்ன சொன்னாங்க? பருப்பு வேக மாட்டேங்குது. சோறு வெச்சாச் சீக்கிரமே கெட்டுப்போகுது. குளிச்சா ஒடம்பு அரிக்குது, தலை பிசுபிசுங்குது. இது போதாதா? தண்ணியில சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் ஏறுனாத் துவரம்பருப்பு மணிக்கணக்காக் கொதிச்சாலும் கல்லாத்தான் கெடக்கும். அடுப்பு வெச்ச எந்தப் பொம்பளைக்கும் தெரிஞ்ச பரிசோதனை. ஆனாப் பருப்பு கோர்ட்டுல சாட்சி சொல்லாது பாரு. ரிப்போர்ட்டு வேணும். முத்திரை வெச்ச ரிப்போர்ட்டு. ஒரு ரிப்போர்ட்டு வந்தா அதை மறுக்க இன்னொரு ரிப்போர்ட்டு.

மயிலம்மான்னு ஒரு அம்மா, எரவாளர்ங்கற பழங்குடிச் சனம். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவங்க. கெணத்துத் தண்ணியை மோந்து பாத்தே முடிவு பண்ணிட்டாங்க. 2002 ஏப்ரல் 22-ல கம்பெனி வாசலுக்கு எதிர்ல போராட்டப் பந்தல் போட்டு உக்காந்தாங்க. நீயும் உன்ற புரொபசரும் காரணத் தொடர்புன்னு சொல்றீங்களே, அதை அந்தம்மா ஒரு வாய்த் தண்ணியில கண்டுபுடிச்சாங்க. 2004 ஜனவரியில அங்க ஒலகத் தண்ணி மாநாடே நடந்துச்சு. பிரான்சிலிருந்து பெரிய மீசை வெச்ச ஜோசே போவேங்கற விவசாயிகூட வந்தாரு. நம்ம ஓலைப்பந்தல்ல ஒலகமே உக்காந்துச்சு. தண்ணி மட்டும் லாரியில வந்துச்சு.

இதுல என்னைச் சிரிக்க வெச்சது உரக் கதை. கம்பெனிக் கழிவுச் சேத்தைச் சுத்துவட்டாரத் தோட்டத்துக்கு உரம்னு குடுத்தாங்க. சும்மா வருதேன்னு நம்மாளுகளும் வாங்கிக் கொட்டுனாங்க. கழிவைத் தூக்கிப்போடற செலவு மிச்சம், நல்ல பேரும் மிச்சம்! 2003-ல லண்டன் பிபிசி ரேடியோக்காரங்க அந்தச் சேத்தைக் கொஞ்சம் எடுத்துட்டுப் போயி எக்சிட்டர் பல்கலைக்கழகத்துல குடுத்துப் பாத்தா, ஈயமும் காட்மியமும் இருக்குது. ஒண்ணு கொழந்தைகளோட மூளையைக் கெடுக்கும், இன்னொண்ணு சிறுநீரகத்தை. கம்பெனி, ஆபத்து ஒண்ணுமில்லைன்னுச்சு. நெலத்து மேல கெடக்கற சேறு மழை பேஞ்சா எங்க போகும்? செம்மண்ணு, சுக்கான், பாறைக் கீறல். வழிதான் முன்னாலயே சொல்லிட்டேனே.

இந்த எடத்துல உன்ற சட்டைப் பையில இருக்கற பேனா மாதிரியான மீட்டரைக் கொஞ்சம் எடு. அதைத் தண்ணியில முக்கி, "அப்பாரு, 480, நல்ல தண்ணி"ன்னு சொன்னே. அது மொத்த உப்பைத்தான் காட்டும் கண்ணு. குடிதண்ணியில லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் உப்பு இருக்கலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. காட்மியம் 0.003 மில்லிகிராமுக்கு மேல இருந்தாலே ஆகாது. உன்ற மீட்டருக்கு அது கண்ணுலயே படாது. ஆனா அதைப் பாத்துட்டு நிம்மதியாத் தூங்கலாம், அதுக்கு உதவும்.

கோர்ட்டுக் கதைக்கு வா. லைசென்சைப் புதுப்பிக்க மாட்டோம்னு 2003-ல பெருமாட்டிப் பஞ்சாயத்து சொல்லிருச்சு. அதே வருசம் டிசம்பர் 16-ல கேரள உயர் நீதிமன்றத்துல நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் எழுதுனாரு: நிலத்தடித் தண்ணி பொதுச் சொத்து, அரசாங்கம் அதுக்குக் காவல்காரன், நெலம் என்றதுன்னு சொல்லி அத்தனையும் உறிஞ்ச ஒருத்தனுக்கும் உரிமையில்லை. அன்னிக்கு அந்த மனுசன் எதுக்க வந்திருந்தா ஒரு குலை எளநி வெட்டிக் குடுத்திருப்பேன். 2005 ஏப்ரல்ல அதே கோர்ட்டுல ரெண்டு நீதிபதிக உக்காந்து, வழக்கமான மழை இருந்தா நாளொண்ணுக்கு 5 லட்சம் லிட்டர் எடுத்துக்கலாம்னுட்டாங்க. எளநியைத் திருப்பி வாங்கவா முடியும்? ஆனா 2004 மார்ச்சுலயே கம்பெனி மிசினு நின்னிருச்சு, அப்புறம் பழையபடி ஓடவே இல்லை. 2017-ல, திரும்பத் தொறக்கற எண்ணம் இல்லைன்னு கம்பெனியே உச்ச நீதிமன்றத்துல சொல்லிருச்சு.

கம்பெனி போச்சு. கெணறு எங்க போகும்? அங்கதானே கெடக்குது. 2009-ல அரசாங்கம் ஒரு உயர்மட்டக் குழு போட்டுது. அவங்க கணக்குப் போட்டு 2010 மார்ச்சுல 216.26 கோடி ரூபாய் நட்டம்னு எழுதிக் குடுத்தாங்க. விவசாயத்துக்கு 84.16 கோடி, நீர்வளம் கெட்டதுக்கு 62.10 கோடி, ஒடம்புச் சீக்குக்கு 30 கோடி, தண்ணி கொண்டாந்து குடுத்ததுக்கு 20, கூலி போனதுக்கு 20. கூட்டிப் பாரு, பைசா சுத்தமா வரும். அதை வசூல் பண்ண ஒரு தீர்ப்பாயம் வேணும்னு 2011 பிப்ரவரியில சட்டசபையில மசோதா நெறவேத்துனாங்க. கட்சிக்காரங்க எல்லாம் ஒண்ணாக் கை தூக்குன அதிசயம். மசோதா டில்லிக்குப் போச்சு. வருசக்கணக்கா அங்க ஒறம்பரை ஊட்டுல தங்குன கணக்காத் தங்கிட்டு, குடியரசுத் தலைவர் ஒப்புதல் இல்லாமத் திரும்பி வந்துச்சு.

எதுக்கு ஆகாதுன்னு கேட்டா, ஒரு காரணம் சொன்னாங்க. அதை நல்லாக் கேட்டுக்க, பரீட்சைக்கு உதவும். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இருக்கறப்ப உங்களுக்கு எதுக்குத் தனியா ஒண்ணுன்னாங்க. நல்லது, அங்கயே போலாம். அந்தச் சட்டத்துல 15-ஆம் பிரிவு என்ன சொல்லுது? நட்ட ஈடு கேக்கறவன், காரணம் மொதமொதல்ல எழுந்த நாள்லிருந்து 5 வருசத்துக்குள்ள வரணும். அதுக்கு மேல மன்னிச்சா 60 நாள். மிசினு நின்னது 2004. அஞ்சைக் கூட்டு. 2009. பசுமைத் தீர்ப்பாயம் பொறந்தது 2010 அக்டோபர்ல. கதவு வெக்கறதுக்கு முன்னாலயே பூட்டிட்டாங்க கண்ணு!

நிலத்தடி விசத்துக்கு 5 வருசங்கறது யாரு போட்ட கணக்கு? ராஜஸ்தான்ல உதய்பூருக்குப் பக்கத்துல பிச்ரின்னு ஒரு கிராமம். அங்க எச்-ஆசிடுன்னு சாயத்துக்கான சரக்குப் பண்ணுன கம்பெனிக கொஞ்ச காலந்தான் ஓடுச்சு. 2,400 டன்னுக்கு மேல சேத்தை மேல கொட்டிட்டு மூடிட்டாங்க. கெணத்துத் தண்ணி நெறம் மாறிருச்சு, குடிக்கவும் ஆகல, பாய்ச்சவும் ஆகல. அழிச்சவனே காசு கட்டணும்னு 1996-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் குடுத்துது. அதுக்கப்புறமும் மனு மேல மனுவாப் போட்டு இழுத்தாங்க. 37 கோடிக்கு மேல, வட்டியோட கட்டுன்னு 2011-ல மறுபடி சொல்ல வேண்டியதாச்சு. பாலாறும் அப்படித்தான். வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடற தொழிற்சாலைகளைப் பத்தி 1996 ஆகஸ்டுல சொன்ன தீர்ப்பு, சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது தொழில் நடத்தறவன் பொறுப்புன்னு தெளிவா எழுதுச்சு. அதே தோல் கழிவு விசயமா 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றம் மறுபடி நீட்டமா ஒரு தீர்ப்பு எழுதுச்சு. அதான், 28 வருசங்கழிச்சு.

ஆக, நீ சிக்கல்னு சொல்றது சட்டத்துல இல்லை. பூமிக்கடித் தண்ணி 1974-லயே ஏட்டுல ஏறியாச்சு. கொட்டுனவன்தான் நிரூபிக்கணும்னு 1996-லயே சொல்லியாச்சு. ஆனா நெசத்துல கொடத்தைத் தூக்கிட்டு வர்ற பொம்பளைகிட்டதான் அத்தனை பேரும், "சாட்சி இருக்குதா?"ன்னு கேக்கறாங்க. கொட்டுனவனைப் பாத்து, "ரசீது இருக்குதா?"ன்னு ஒருத்தனும் கேக்கல. 2024-ல அந்த 1974 சட்டத்தைத் திருத்தி, நெறைய தப்புக்கு ஜெயிலை எடுத்துட்டு 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரைக்கும் அபராதம்னு வெச்சிருக்காங்க. தொழில் நடத்தறவங்களுக்கு மனசு சங்கடப்படக் கூடாதாமா.

வக்கீல் ஆனதும் என்ன பண்ணப் போறே? ஏசி ரூம்ல உக்காந்து காரணத் தொடர்பு பேசுவியா? மொதல்ல நம்ம பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுதிக் குடு. இனி எந்தக் கம்பெனி லைசென்ஸ் கேட்டு வந்தாலும், அடிக்கல் நடறதுக்கு முன்னால சுத்துப்பட்டுக் கெணத்துத் தண்ணியெல்லாம் எடுத்து, ஈயம், காட்மியம் உள்பட எல்லாத்தையும் அவங்க செலவுல பரிசோதிச்சு, ரிப்போர்ட்டைப் பஞ்சாயத்து ஆபீசு செவுத்துல ஒட்டணும். நாளைக்குத் தண்ணி கெட்டா, கோர்ட்டு மொதல்ல கேக்கறது "முந்தி எப்படி இருந்துச்சு?"ங்கறதைத்தான். பிளாச்சிமடாவுல அந்தக் கேள்விக்குப் பருப்பைத் தவிர வேற பதில் கையில இல்லை. கம்பெனி வேலிக்கு நாலு பக்கமும் பாக்கறதுக்குன்னே நாலு கெணறு, மாசாமாசம் தண்ணி எடுக்கற சாவி ஊர்க்காரங்க கையில. அந்த 5 வருசக் கணக்கை, கொட்டுன நாள்லிருந்து இல்லாம, கெட்டது தெரிஞ்ச நாள்லிருந்து எண்ணச் சொல்லி டில்லிக்கு இன்னொரு மனு.

பீசு பத்திப் பேசாதே. தேங்காய் இருக்குது, வேணுங்கற மட்டும் எடுத்துக்க. மரம் ஏற ஆள் மட்டும் நீயே கூட்டிக்கிட்டு வா.